ஏக்கர் கணக்கில் வாங்கிய மருந்து

கம்பளைக்கு அருகே சின்னபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் 1824ஆம் ஆண்டு கோப்பிக் கன்றுகளை ஊன்றியபோது அவருக்கு ஆயிரம் கவலை இருந்திருக்கும். மருத்துவம் அதில் ஒன்றல்ல. காடு கிடந்தது, மழை பெய்தது, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் ஆதரவும் கிடைத்தது. பார்ன்ஸ் தானே கன்னொறுவையில் கோப்பி நட்டவர். கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி போட்டவர். பதினைந்து ஆண்டுக்குள் கோப்பி ஆசை வெறியாகவே மாறிவிட்டது. அரசாங்க அதிகாரிகள், படை அதிகாரிகள், பாதிரிமார் வரை மலைக்காட்டை ஏக்கர் ஏக்கராக வாங்கிப் போட்டார்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் பழம் பறிக்க மட்டும் ஆள் வரவில்லை. கண்டிக் கிராமத்தவருக்குச் சொந்த வயலும் சேனையும் இருந்தன. தோட்டத்திலேயே தங்கி மாதக்கணக்கில் உழைக்க அவர்கள் விரும்பவில்லை. துரைமார்களின் பார்வை கடலுக்கு அப்பால் திரும்பியது.

அப்பால் இருந்தது வானம் பார்த்த பூமி. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் மழை பொய்த்த ஆண்டுகளில் ஆள் திரட்ட வந்த கங்காணி கொடுத்த முன்பணம் தெய்வம் கொடுத்த பணமாகத் தெரிந்தது. பாய்மரத் தோணியில் மன்னார்க் கரை இறங்கினால் மாத்தளை வரை ஏறக்குறைய நூற்றைம்பது மைல் நடை. வழியெல்லாம் காடு. கோடையில் குளங்கள் வற்றிக் கிடக்கும். ஒருவர் கால் கழுவிய நீரை அடுத்தவர் குடிக்க வேண்டியிருக்கும். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தன. பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் அதே வழியில் திரும்ப வேண்டும். போகும்போது எண்ணிய தலைகள் வரும்போது குறைந்திருக்கும். எத்தனை குறைந்தன என்று வெகுகாலம் யாரும் கேட்கவில்லை.

1849இல் கேட்டது ஒரு பத்திரிகை. 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் மாண்டிருப்பார்கள் என்று ‘கொழும்பு ஒப்சேவர்’ கணக்குப் போட்டது. வந்தவர்களில் நாலில் ஒருவர்! அந்த எண் மிகையா, சரியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். அவர்கள் வாதாடட்டும்; பாதிக்குப் பாதி குறைத்துக்கொண்டாலும் அது ஒரு போர்க்களக் கணக்குத்தான். கண்டியில் 1854இல் தோட்டச் சொந்தக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். வீதி வேண்டும், ரயில் வேண்டும், ஆள் வேண்டும் என்று அரசாங்கத்தை அவர்கள் நெருக்கினார்கள். கேட்ட பட்டியலில் ஆஸ்பத்திரி பின்னால் நின்றது. அதை முன்னால் கொண்டுவந்தது இரக்கமாக இருக்கவில்லை.

அது பேரேட்டுக் கணக்கு. துரை பெரிய கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார். பெரிய கங்காணி சில்லறைக் கங்காணிக்கு. அவர் ஊரில் குடும்பங்களுக்கு. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அந்தக் கடனில் ஏறும். ஆள் உழைத்துக் கழித்தால்தான் கடன் இறங்கும். ஆள் வழியில் செத்துப்போனால் காசும் காட்டோடு போயிற்று. ஊருக்குத் திரும்பியவர்கள் சொன்ன மரணக் கதைகளைக் கேட்டு அடுத்த ஆண்டு கூட்டம் குறைந்தால் பழம் மரத்திலேயே கறுத்து உதிர்ந்தது. சாவுக்கு விலை உண்டு என்பது துரைமார்களுக்கு இப்படித்தான் புரிந்தது. ஆனால் அந்த விலையை யார் கட்டுவது என்பதில் எவருக்கும் உடன்பாடில்லை.

1865இல் ஒரு சட்டம் வந்தது. வேலையாள் நோயில் விழுந்தால் எசமான் இருக்க இடமும் உணவும் மருத்துவமும் கொடுக்க வேண்டும். கூலி கொடுக்கத் தேவையில்லை. அதே சட்டத்தில், சொல்லாமல் வேலையை விட்டுப் போகும் தொழிலாளிக்குச் சிறை. மருத்துவம் என்றால் என்ன, எவ்வளவு, யார் பார்ப்பது என்று கேட்டால் பதில் துரை பங்களாவின் மருந்துப் பெட்டிக்குள் இருந்தது. ஆமணக்கெண்ணெய், குயினைன், இன்னும் இரண்டு மூன்று குப்பிகள். வயிற்றுப்போக்கு ஆனாலும் காய்ச்சல் ஆனாலும் துரைக்குத் தோன்றியதுதான் வைத்தியம். அந்தக் குப்பிகளுக்கு அடங்காத நோயாளிகள் மெல்ல மெல்லக் கீழே இறங்கினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் எழுதத் தெரிந்த ஒரு மனிதர் இருந்தார்.

கம்பளை அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டர் வான் டோர்ட், பறங்கியர் சமூகத்து மருத்துவர். ரயில் அப்போது கண்டி வரைதான் வந்திருந்தது. நாவலப்பிட்டியைத் தொட 1874 ஆகும். மலைத் தோட்டங்களுக்கு ஏறுகிறவர்களும் அங்கிருந்து தள்ளப்பட்டு இறங்குகிறவர்களும் கம்பளையைக் கடந்தே ஆக வேண்டும். நடக்க முடிந்தவரை நடந்து, பிறகு சுமக்கப்பட்டு, கடைசி மூச்சில் கட்டிலுக்கு வந்து சேர்ந்த தோட்டத் தொழிலாளர்களைத் தினமும் பார்த்தவர் அவர். 1869இல் தன் ஆஸ்பத்திரியைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கட்டில் எத்தனை, குப்பி எத்தனை என்று முடித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தோட்டங்களின் பக்கம் விரலை நீட்டிவிட்டார்.

கொதித்தது தோட்டச் சங்கம். மிகைப்படுத்துகிறார், தொழிலாளர்கள் ஊரிலிருந்தே நோயோடு வருகிறார்கள், கங்காணிதான் கைவிடுகிறான் என்று ஆளுக்கொரு சமாதானம். சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் வேடிக்கை. உண்மையான பாதியும் தோட்டத்தை விடுவிக்கவில்லை. இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த அதே 1869இல், மலையின் மறுபக்கத்தில் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடிபோல ஒன்று படிந்திருந்தது. ஒரு பூஞ்சை. அதைப் பார்த்தவர்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மனிதருக்கு மருத்துவர் வேண்டுமா என்ற வழக்கின் தீர்ப்பை எழுதப்போவது அந்தப் பொடிதான் என்று அன்று யாருக்கும் தெரியாது.

1872 தொடக்கத்தில் ஆளுநர் ஹெர்குலிஸ் ரொபின்சன் போனார், வில்லியம் கிரெகரி வந்தார். அதே ஆண்டில் 14ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. தோட்ட மாவட்டங்களில் இருக்கும் குடிபெயர்ந்த கூலிகளின் மருத்துவத் தேவைகளுக்கு வழி செய்யும் சட்டம் என்று நீண்ட பெயர். மலைநாட்டை மருத்துவ மாவட்டங்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியரை அமர்த்துவது. செலவைப் பயிரிட்ட ஏக்கருக்கு இவ்வளவு என்று தோட்டங்களிடம் வசூலிப்பது. நோயாளி எத்தனை பேர் என்ற கேள்வியே கிடையாது. ஏக்கர் எத்தனை என்றுதான் கேட்டார்கள். நோய் வருமுன்பே எல்லோரிடமும் வாங்கி, வந்தவருக்குச் செலவழிக்கும் ஏற்பாடு. பெயர் சொல்லாமலேயே ஒரு காப்புறுதித் திட்டம் பிறந்துவிட்டது. ஒரே ஒரு இடத்தில் பிசகியது.

வைத்தியரை அமர்த்துவதும் செலவைத் தீர்மானிப்பதும் மாவட்டக் குழுக்களின் கையில். குழுக்களில் உட்கார்ந்தவர்கள் தோட்டக்காரர்கள். பூனைகளைக் கூட்டிப் பால் செலவுக் குழு அமைத்ததுபோல் ஆயிற்று. பூனைகள் இம்முறை பாலைக் குடிக்கவில்லை, கறக்கவே விடவில்லை. வைத்தியர் வராத மாவட்டம், வந்தும் ஆஸ்பத்திரி இல்லாத மாவட்டம், ஆஸ்பத்திரி இருந்தும் அனுப்பாத தோட்டம் என்று ஆண்டுகள் நகர்ந்தன. கோப்பி விலை ஏறுமுகத்தில் இருந்தது. சட்டம் அலமாரியில் தூங்கியது. அதைத் தட்டி எழுப்பியது தாது வருடப் பஞ்சம்.

1876இல் தொடங்கி 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சம் தென்னாட்டுக் கிராமங்களை வழித்துத் துடைத்தது. ஊரில் இருந்தாலும் சாவு, நடந்தாலும் சாவு என்ற நிலையில் சனம் நடந்தது. 1876இலும் 1877இலும் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்கு வந்திறங்கினார்கள். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக வந்தவர்கள். ஆண்கள் மட்டும் வந்த பழைய கூட்டமில்லை. கைக்குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வந்த கூட்டம். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் நிரம்பின. ஒரு காம்பராவில் இரண்டு குடும்பம். வாந்திபேதி வந்தால் தடுக்க ஒரு கதவுகூட இல்லாத இடத்தில் குழுக்களின் கூட்டக் குறிப்புகள் என்ன செய்யும்? கொழும்பில் முதன்மை அரசாங்க மருத்துவ அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஆர். கின்சிக்குப் பொறுமை போய்விட்டது.

1880இல் வந்த புதிய சட்டம் பொறுப்பைத் தோட்டக்காரர் குழுக்களிடமிருந்து பிடுங்கி அரசாங்கத்திடம் கொடுத்தது. வைத்தியர் இனி அரசாங்க ஊழியர். தோட்டத்தில் எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று துரை கணக்குக் காட்ட வேண்டும். கடும் நோயாளி இருந்தால் மாவட்ட வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். செலவு மட்டும் பழையபடி ஏக்கர் கணக்கில் தோட்டத்தின் தலையில். தோட்டக்காரர்கள் அலறினார்கள். இம்முறை அலறலில் நியாயமும் இருந்தது, ஏனென்றால் மடுல்சீமைப் பொடி அதற்குள் மலை முழுக்கப் பரவியிருந்தது.

ஏக்கர் அப்படியே இருந்தது. அதில் கோப்பி இல்லை. இலை உதிர்ந்த குச்சிகள் நின்றன. காய்க்காத ஏக்கருக்கும் மருத்துவ வரி கட்டு என்றால் எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை வரவழைத்துப் பூஞ்சையின் வாழ்க்கை வரலாற்றைக் கண்டுபிடித்தார்கள். மருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. கோப்பிக்கு வைத்தியம் இல்லாமல் போனதால் கூலியின் வைத்தியத்துக்குப் பணம் வரும் வழி மாறியது. ஏக்கர் வரியை விட்டுவிட்டு, துறைமுகத்தில் ஏற்றுமதியாகும் விளைபொருளின் மீது ஒரு சிறு தீர்வை போடலாம் என்று முடிவானது. கோப்பி, தேயிலை, சின்கோனா, கொக்கோ எது போனாலும் அந்தரெடைக்கு இவ்வளவு சதம். விளைந்தால் கட்டு, விளையாவிட்டால் வேண்டாம். 1882இல் அது நடைமுறைக்கு வந்தது.

அடுத்த ஆண்டு, 1883 ஜூனில், ஜெர்மனியில் பிஸ்மார்க் தொழிலாளர் நோய்க் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றினார். உலகம் அதைத்தான் முதல் கட்டாய மருத்துவக் காப்புறுதி என்று பாடப்புத்தகத்தில் எழுதியது. கம்பளை மலைக்காட்டில் பதினொரு ஆண்டுகள் முந்திப் பிறந்ததை யாரும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. ஜெர்மன் தொழிலாளி சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தானே கட்டினார். பதிலுக்கு நோயில் கிடந்த நாட்களுக்குப் பதின்மூன்று வாரம் வரை உதவிப்பணத்தை உரிமையாகக் கேட்டு வாங்கினார். மலைநாட்டுத் தொழிலாளி கையிலிருந்து எதுவும் கட்டவில்லை. எதையும் கேட்கவும் முடியவில்லை. வேலைக் கணக்கில் பேர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. அவருக்காகக் கட்டப்பட்ட பணம் அவர் பெயரில் கட்டப்படவில்லை; அது விளைச்சலுக்காக எடுத்த காப்புறுதி. இந்த ஊனத்தோடேயே அந்தக் குழந்தை வளரவேண்டியிருந்தது. வளர்த்தது வேறொரு செடி.

ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துறையில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி ஓங்கியிருந்தவரை அது ஒரு கிறுக்கனின் பொழுதுபோக்கு. 1884 மே மாதம் ஓரியன்டல் வங்கி மூடப்பட்டு, கோப்பிக் கடனில் இருந்த துரைமார் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்தபோது எஞ்சியிருந்த நம்பிக்கை அந்தச் செடிதான். அதே ஆண்டு ரயில் ஹட்டனைத் தொட்டது. மறு ஆண்டு நானுஓயாவை. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, லிந்துலை என்று மலைச்சரிவெல்லாம் பச்சை விரிந்தது. தேயிலையை நட்ட டெய்லர் 1892இல் வயிற்றுளைச்சலில் இறந்தார். கம்பளை ஆஸ்பத்திரிக்குக் கடைசி மூச்சில் கொண்டுவரப்பட்டவர்களை எந்த நோய்கள் அள்ளிப்போயினவோ அவற்றில் ஒன்று, துரைமாரில் பேர்போன ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் டெய்லரின் செடி தோட்ட வைத்தியத்தின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது.

கோப்பிக்கு வேண்டியது பருவத்து ஆள். நோய் வந்தால் ஊருக்கு விரட்டிவிடலாம். சாவு காட்டுவழியில், கணக்குக்கு வெளியே நடக்கும். தேயிலைக்குக் கொழுந்து ஆண்டு முழுக்க எடுக்க வேண்டும். எடுக்கும் விரல்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. பெண்கள் வந்தால் குடும்பம் தங்கும்; குடும்பம் தங்கினால் பிள்ளை பிறக்கும். நோய் இனி லயத்துக்குள்ளேயே இருந்தது, ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆள் குறைவதாகத் தினமும் துரையின் கண்ணுக்குத் தெரிந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியோ மைல் கணக்கில் தள்ளி. ஒருவரைக் கம்பளியில் கட்டித் தூக்கிப்போக நாலு பேர் வேண்டும். மலையேறித் திரும்ப ஒரு நாள் போய்விடும். ஒரு காய்ச்சலுக்கு ஐந்து பேர் வேலை நின்றது. போனவர் திரும்ப மாட்டார் என்ற பயத்தில் நோயை ஒளிப்பவர்கள் வேறு. தூக்கிப்போவதைவிட மருந்தை இங்கே கொண்டுவந்தால் என்ன என்று ஏதோ ஒரு தோட்டத்தின் கணக்கில் முதலில் உதித்திருக்க வேண்டும். எந்தத் தோட்டம் என்பது தொலைந்துபோயிற்று, யோசனை தொலையவில்லை.

அந்த யோசனைக்கு 1912இல் சட்டம் விலை கொடுத்தது. அந்த ஆண்டு இரட்டைச் சட்டங்கள்: 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் சட்டம், 10ஆம் இலக்கத் தொழிலாளர் நோய்கள் சட்டம். லயம் வசிக்கத் தக்கதாக இருக்க வேண்டும், நோயாளியை மறைக்கக் கூடாது என்பதோடு, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும், அதுவரை வேலைக்கு அழைக்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. துரைமாரின் கண் நின்ற இடம் வேறு. தோட்டமே சொந்தமாக ஆஸ்பத்திரியும் மருந்து கொடுப்பவரும் வைத்திருந்தால், ஏற்றுமதித் தீர்வையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாக அரசாங்கம் சொன்னது. அதுவரை யாருக்கும் தோன்றாத ஈகை அதற்குப் பிறகு மலைமலையாகத் தோன்றியது.

தொழிற்சாலைக்குச் சற்றுத் தள்ளி, தகரக் கூரை போட்டு, சுண்ணாம்பு அடித்த சிறு கட்டடம். முன்னால் ஒரு திண்ணை, உள்ளே ஒரு மேசை, அலமாரியில் நிறம் நிறமாகப் போத்தல்கள். ஹட்டனில் பிறந்தவரானாலும் நுவரெலியாவில் பிறந்தவரானாலும், மலையகத்தில் வளர்ந்த எவருக்கும் கோயிலையும் பிள்ளைக்காம்பராவையும்போலத் தோட்டத்தோடு சேர்ந்து முளைத்ததாகவே தோன்றும் அந்தக் கட்டடம்: தோட்டத்து டிஸ்பென்சரி. இலைப் பூஞ்சையும் தாது வருடப் பஞ்சமும் தீர்வைத் தள்ளுபடியும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. உள்ளே உட்கார்ந்த டிஸ்பென்சர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்ல. தோட்டம் சம்பளம் கொடுக்கும் உத்தியோகத்தர். பின்னாளில் தோட்ட மருத்துவ உதவியாளர் என்று பதவிக்குப் பெயர் மாறியது. சனத்துக்கு அவர் என்றும் ‘டொக்டர் ஐயா’. மருந்து கொடுப்பதும் அவர்தான், இவருக்கு மெய்யாகவே நோயா, வேலைக்குப் போகலாமா என்று துரைக்குச் சொல்வதும் அவர்தான். ஒரே வாய் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டிய அந்த நாற்காலியின் சங்கடம் சீக்கிரமே வெளிப்பட்டது.

அப்போது துரைமாரின் பெரிய புகார் சோம்பல். ஆள் பெரட்டுக்கு வருகிறான், மலைக்குப் போகிறான், மத்தியானத்துக்குள் உட்கார்ந்துவிடுகிறான். முகம் வெளிறி, கால் வீங்கி, மூச்சு வாங்கி நின்றவர்களை வேலைக் கள்ளர் என்றார்கள். 1916இல் அமெரிக்காவின் ரொக்கெஃபெலர் நிறுவனத்து ஆட்கள் நுண்பெருக்கிக் கண்ணாடிகளோடு மாத்தளைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். மலத்தை வாங்கிப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் தொங்கி, இரத்தத்தை உறிஞ்சும் புழு. சோம்பல் என்று அரை நூற்றாண்டாக வசைபாடப்பட்டது இரத்தச்சோகை! அதைப் போக்க மருந்து இருந்தது. ஆனால் அந்த மருந்தைக் கண்டு இரு தரப்பும் ஓடின.

கெனோபோடியம் எண்ணெய். குடித்தால் தலை சுற்றும், வயிறு புரளும். கூடவே பேதிக்கு உப்பு வேறு. தொழிலாளர்கள் லயத்துக்குப் பின்னால் ஒளிந்தார்கள். துரைமாருக்கு ஒரு நாள் வேலை கெடுவது பிடிக்கவில்லை. அதைவிடப் பிடிக்காத சேதி ஒன்றையும் வந்தவர்கள் சொன்னார்கள்: மருந்து கொடுத்தால் போதாது, கக்கூஸ் கட்ட வேண்டும், இல்லையென்றால் புழு மறுபடி ஏறும். மருந்துக்குச் சம்மதித்த பல தோட்டங்கள் கக்கூஸ் என்றதும் கணக்குப் புத்தகத்தை மூடின. நோயின் வேர் லயத்திலும் மண்ணிலும் இருக்க, போத்தலோடு வைத்தியம் நின்றுவிட்டது. அங்கே அடைத்த கதவை இன்னொரு பக்கத்திலிருந்து தட்டியவர்கள் வைத்தியர்கள் அல்லர்.

1921இல், தொழிலாளியின் கடனை எழுதிவைத்த ‘துண்டு’ச் சீட்டு முறை ஒழிந்தது. 1923இல் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதி ஒருவர் கண்டியில் வந்து உட்கார்ந்து, தோட்டத்துச் சாவுகளையும் சிசு மரணங்களையும் ஆண்டறிக்கையில் எழுதத் தொடங்கினார். 1931இல் ஹட்டனில் கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டினார். வேலையில் அடிபட்டால் நட்டஈடு என்ற சட்டம் 1934இல். மகப்பேற்று உதவிச் சட்டம் 1939இல். கேட்கும் வாய் முளைத்த பிறகுதான் கொடுக்கும் கை நீண்டது. இன்னும் பத்தாண்டு இப்படியே போயிருந்தால் டிஸ்பென்சரி தொழிலாளியின் உரிமையாகவே ஆகியிருக்கும். 1948 குறுக்கே வந்தது.

சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதே காலத்தில் நாடு முழுவதும் இலவச அரசாங்க வைத்தியம் கிராமம் கிராமமாகப் பரவி, உலகமே வியக்கும் அளவுக்கு சிசு மரணத்தைக் குறைத்தது. அந்த வைத்தியம் தோட்டத்து எல்லைக்கல் வரை வந்து நின்றது. உள்ளே இருப்பவர்களைத் தோட்டம் பார்த்துக்கொள்கிறதே என்பது வாதம். 1872இல் பாதுகாப்பாக வந்த ஏற்பாடு இப்போது வேலியாக நின்றது. ஓட்டில்லாதவருக்காக அந்த வேலியைப் பிடுங்க அரசியல்வாதி யாருக்கும் அவசரமில்லை. கடல் தாண்டி நீலகிரியிலும் வால்பாறையிலும் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தால் கிட்டத்தட்ட இதே உருவத்தில் தோட்ட ஆஸ்பத்திரிகள் எழுந்தன. ஒரு வித்தியாசம், அங்கே தொழிலாளிக்கு ஓட்டு இருந்தது.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. வேலி போகும் என்று எதிர்பார்த்தவர்கள் 1973-74 பஞ்சத்தில் லயங்களில் விழுந்த சாவுகளைத்தான் எண்ண நேர்ந்தது. மாவும் அரிசியும் கிடைக்காத வயிற்றுக்கு டிஸ்பென்சரியில் போத்தல் இல்லை. பிறகு சில ஆண்டுகளில் மருத்துவச்சிகளும் தடுப்பூசியும் பிள்ளைக்காம்பராக்களும் பெருகி நிலைமை மெல்லத் தேறியது. 1992இல் தோட்ட நிர்வாகம் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போயிற்று. 1990களின் நடுவிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகளில் சிலவற்றை அரசாங்கம் ஏற்கத் தொடங்கியது, எல்லாவற்றையும் அல்ல. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரி 2017 மே மாதம் திறக்கப்பட்டது. ஆஸ்பத்திரி வந்துவிட்டது, போய்ச் சேரும் வழிதான் கோப்பிக்காலம்போல் இழுத்துக்கொண்டே இருந்தது.

கம்பளியில் தூக்கியது போய், கொழுந்து லொறியில் ஏற்றும் காலம் வந்திருந்தது. இரவில் பிரசவ வலி என்றால் லயத்திலிருந்து ஓடிவந்து தட்டுவது லொறிச் சாரதியின் கதவை. கொழுந்துச் சாக்கு விரித்துப் பெண்ணைப் படுக்கவைத்து, பனியில் வளைவு வளைவாக இறங்கிய அந்தச் சாரதிகள்தான் வெகுகாலம் மலையகத்தின் அம்புலன்ஸ் சேவை. அவர்களைப் பற்றி எந்தச் சட்டத்திலும் ஒரு வரி இல்லை. 2016இல் கொழும்புப் பக்கம் தொடங்கிய ‘1990 சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் படிப்படியாக மலைக்கும் ஏறிய பிறகு அந்தத் தட்டல் குறைந்தது. இத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சாரதி தானே நோயில் விழுந்தால் என்ன ஆவார் என்பதில் இந்தக் கதையின் கடைசித் திருப்பம் இருந்தது.

அவர் தோட்டத்துச் சம்பளப் பட்டியலில் இருந்தால் டிஸ்பென்சரி உண்டு. எங்கே நிரந்தர வேலையில் இருந்தாலும், 1981இல் தொடங்கிய ஊழியர் நம்பிக்கை நிதியில் முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். இருதய அறுவைக்கும் கண் வில்லைக்கும் அந்த நிதி உதவுகிறது. வேலையில் அடிபட்டால் 1934ஆம் ஆண்டுச் சட்டம் இன்னமும் கைகொடுக்கிறது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து தேயிலையைக் கொழும்புக் களஞ்சியங்களுக்கு ஏற்றிச் செல்லும் வாடகை லொறிகளில் பலவற்றை ஓட்டுகிறவர்களுக்குச் சம்பளப் பட்டியலே கிடையாது. ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கைக்காசு. அவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியின் இலவசக் கட்டில் உண்டு. கட்டிலில் கிடக்கும் நாட்களுக்கு வருமானம் கிடையாது. 1865இல் எழுதப்பட்ட அதே நிலை. ஏற்றிச் செல்லும் தேயிலையின் ஒவ்வொரு அந்தரிலும் ஒருகாலத்தில் தோட்டத் தொழிலாளியின் வைத்தியத்துக்கென்று சில சதம் பிரிக்கப்பட்டது; சாரதிக்கென்று எந்தக் காலத்திலும் பிரிக்கப்படவில்லை. இலங்கைச் சட்டப்படி காப்புறுதி இல்லாத லொறியை வீதியில் இறக்கினால் குற்றம். அதை ஓட்டுகிறவருக்கு மருத்துவக் காப்புறுதி இன்றுவரை கட்டாயமில்லை.